காலி டம்ளரில் காப்பி

தங்கை மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்கு அந்தக் கிச்சன் செட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கிட்டத்தட்ட அவள் உயரம் இருந்தது. அடுப்பைத் திருகினால் சிவப்பு விளக்கு எரியும், தாளிக்கிற சத்தம் வரும். குழாயைத் தொட்டால் தண்ணீர் கொட்டுகிற சத்தம். பெரியவர்கள் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து மாறி மாறித் திருகினோம். அவளும் திருகினாள், விளக்கைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி திருகினாள். சமையல் என்று ஒன்று நடக்கவேயில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனபோது பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அந்தச் சத்தம் தங்கைக்குத் தலைவலி, மாற்றாமல் விட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் அடுப்பு எரிந்தது. சின்னவள் வாணலியை வைத்து, தன் வாயாலேயே 'ஸ்ஸ்ஸ்' என்றாள். கரண்டியால் ஒரு வட்டம் இழுத்தாள். இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்து, "மாமா, தோசை, சூடு" என்று என் கையில் வைத்தாள். நானும் ஊதித்தான் சாப்பிட்டேன்.

சிறு குழந்தைகளுக்கு எந்த விளையாட்டுச் செட்டை வாங்குவது என்று யார் கேட்டாலும் எனக்கு இந்த இரண்டு நாட்களும் நினைவுக்கு வருகின்றன. ஒரே பொம்மை, ஒரே குழந்தை. பொம்மை வேலை செய்தபோது குழந்தை வேடிக்கை பார்த்தது. பொம்மை ஓய்ந்ததும் குழந்தை வேலையைத் தொடங்கியது. இது என் வீட்டு அனுபவம் மட்டும்தானா, அல்லது இதற்கு வேறு ஆதாரம் உண்டா என்று தேடிப் படித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் 'செட்' என்கிறார்கள்: கிச்சன் செட், டாக்டர் செட், டூல் செட், மேக்கப் செட். நமக்கு அந்தச் சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே செப்பு இருந்தது. சட்டி, பானை, குடம், அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை என்று ஓர் அடுக்களை முழுவதும் ஓலைப்பெட்டி ஒன்றில் அடங்கிவிடும். மரத்தில் கடைந்தது, மண்ணில் சுட்டது, மாக்கல்லில் குடைந்தது, பித்தளையில் வார்த்தது என்று வீட்டின் வசதிக்கேற்ப மாறும். அதற்கும் முன்னால் போனால் வெறும் மணல்தான். சங்கப் பாடல்களில் பெண்பிள்ளைகள் மணலில் சிற்றில் கட்டி, மணலையே சோறாக ஆக்குகிறார்கள். கலித்தொகையில் ஒருத்தி, சிறுவயதில் தன் மணல்வீட்டைக் காலால் சிதைத்த பையனை வளர்ந்த பிறகும் மறக்காமல் தோழியிடம் சொல்கிறாள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கக் கண்ணனிடம் 'என் சிற்றிலைச் சிதைக்காதே' என்று மன்றாடுகிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் ஒரு தனிப் பருவமாகவே ஆகிவிட்டது. கட்டுவது எப்போதும் பெண்பிள்ளை, சிதைப்பது எப்போதும் ஆண்பிள்ளை என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இனி வயது. பெட்டியின் மேல் '3+' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் தொண்டையில் சிக்குமா என்பதைப் பற்றியது. விளையாடத் தெரியுமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பாவனை விளையாட்டு எப்போது தொடங்குகிறது என்பதற்கு உளவியலாளர் ழான் பியாஜே தன் மகள் ழாக்லினைக் கவனித்து எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. ஒன்றேகால் வயதுக் குழந்தை. ஓரத்தில் குஞ்சம் வைத்த துணி ஒன்றைப் பார்க்கிறது. தன் தலையணை உறையின் ஓரமும் அப்படித்தான் இருக்கும். துணியைப் பிடித்துக்கொண்டு விரலைச் சூப்பியபடி ஒருக்களித்துப் படுக்கிறது, தூங்குவதுபோல. ஆனால் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில்தான் விஷயம் இருக்கிறது. இது தூக்கமில்லை என்று அதற்குத் தெரியும்.

தெரியும் என்பதை உளவியலாளர் ஆலன் லெஸ்லியின் ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது. இரண்டு வயதுக் குழந்தைகளோடு ஒரு டீ விருந்து. இரண்டு காலிக் கோப்பைகளிலும் டீ ஊற்றுவதுபோல் பாவனை. பிறகு ஒரு கோப்பையைக் கவிழ்த்து உதறி, 'எது காலி?' என்று கேட்கிறார்கள். இரண்டுமே காலிதான். குழந்தைகளோ கவிழ்த்த கோப்பையைக் காட்டுகிறார்கள். கண் ஒரு கணக்கும் மனம் இன்னொரு கணக்கும் வைத்துக்கொண்டு, இரண்டும் குழம்பாமல் ஓடுகின்றன. இரண்டு வயதில் இது சின்னக் காரியமில்லை.

ஆனால் அந்த வயதில் கோப்பை கோப்பையாக இருக்க வேண்டியிருக்கிறது. கிரேட்டா ஃபைன் 1975இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் பொம்மைக் குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார். குதிரை குதிரைபோலவும் கோப்பை கோப்பைபோலவும் இருந்தபோது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் செய்தன. கோப்பைக்குப் பதில் சிப்பி ஓடு, அல்லது குதிரைக்குப் பதில் ஏதோ ஒரு உருவம் என்று ஒன்றை மட்டும் மாற்றியபோது கொஞ்சம் குறைந்தது. இரண்டையும் மாற்றியபோது மூன்றில் ஒரு பங்குதான் செய்தன. உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் லெனின்கிராடில் ஆற்றிய உரையில், குழந்தைக்குக் குச்சி குதிரையாகும், தபால் அட்டை ஆகாது என்றார். காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஓட முடிந்தால்தான் குதிரை. கற்பனைக்கும் ஒரு கைப்பிடி வேண்டும்.

ஆகவே ஒன்றரையிலிருந்து இரண்டரை வயது வரை, வீட்டில் அன்றாடம் பார்க்கிற பொருளின் சாயல் கொண்ட நாலைந்து சாமான்கள்: ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு செல்போன், ஒரு பாப்பா பொம்மை. குக்கர் பார்த்து வளர்கிற குழந்தைக்கு மேல்நாட்டு ஓவன் வைத்த கிச்சன் செட் பாதி அந்நியம். என் தங்கை மகள் அந்த ஓவனைத் திறந்து செருப்பு வைத்திருந்தாள். மூன்று வயதுக்கு மேல் சாயல் குறையக் குறைய நல்லது. நாலு வயதில் ஒரு மரக்கட்டை காலையில் பஸ், மாலையில் கேக், ராத்திரியில் தூங்குகிற பூனை. அந்த வயதில் போய் விசில் சத்தத்தோடு குக்கர் வாங்கிக் கொடுத்தால் அது கடைசி வரை குக்கராகவே இருக்கும்.

இதெல்லாம் சரி, மூளை வளருமா? பெட்டிகளின் பின்புறம் அப்படித்தான் சொல்கிறது: படைப்பாற்றல், மொழித்திறன், சிக்கல் தீர்க்கும் திறன் என்று பெரிய பட்டியலே இருக்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலின் லில்லார்டும் சக ஆய்வாளர்களும் 2013இல் பல பத்தாண்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பாவனை விளையாட்டுதான் படைப்பாற்றலையோ அறிவையோ உண்டாக்குகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. கதை சொல்லும் திறன், மொழி போன்ற சிலவற்றில் தொடர்பு இருக்கலாம். ஆனால் நன்றாகப் பேசுகிற குழந்தை அதிகம் பாவனை செய்கிறதா, அதிகம் பாவனை செய்வதால் நன்றாகப் பேசுகிறதா என்று பிரித்தறிவது கடினம். குழந்தையோடு உட்கார்ந்து பேசிய பெரியவரே பலனுக்குக் காரணமாகவும் இருக்கலாம். இது பொம்மைக் கம்பெனிகளுக்குக் கசக்கிற செய்தி. எனக்கு நிம்மதி தந்தது. தோசை சுடுகிற பிள்ளையைப் பார்த்து 'எத்தனை மார்க் கூடும்' என்று கணக்குப் போட வேண்டியதில்லை. பிள்ளை விளையாடுகிறது, அதற்கு மேல் நியாயம் எதற்கு?

செட்டுகளையே எதிர்த்தவர்களும் உண்டு. எழுத்தாளர் ரோலான் பார்த் 1957இல் வந்த 'மிதாலஜிஸ்' நூலில் பிரெஞ்சுப் பொம்மைகளைப் பிடிபிடியென்று பிடித்தார். எல்லாம் பெரியவர் உலகத்தின் குட்டி நகல். இவற்றை வைத்துக் குழந்தை எதையும் படைப்பதில்லை, உபயோகிக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் புகார். வெறும் மரக்கட்டைகளை மட்டும் அவர் விட்டுவைத்தார். மேக்கப் செட்டுகளைப் பார்க்கும்போது பார்த் சொன்னது சரிதான் என்று தோன்றும். ஆனால் செப்புச் சாமானும் குட்டி நகல்தானே? என் தங்கை மகள் அந்த நகலை வைத்துக்கொண்டு அடுக்களையில் நடக்காத பலவற்றையும் நடத்துகிறாள். போன வாரம் பூரிக்கட்டைக்குக் காய்ச்சல். நகலாக இருப்பது குற்றமில்லை என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு விதமாகத்தான் உபயோகிக்க முடியும் என்று அடித்து வைத்திருப்பதுதான் குற்றம்.

மரியா மாண்டிசோரியின் எதிர்ப்பு இதைவிடக் கனமானது. 1907இல் ரோமின் சான் லொரென்ஸோ பகுதியில் அவர் தொடங்கிய 'குழந்தைகள் இல்ல'த்தில் நல்ல பொம்மைகளும் இருந்தன. பிள்ளைகள் அவற்றைச் சீண்டவில்லை, நிஜமான வேலை தருகிற சாதனங்களையே நாடினார்கள் என்று எழுதினார். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. நம் ஊரில் தெருவுக்கொரு பள்ளி அவர் பெயரை மாட்டிக்கொண்டிருப்பதற்கு மூலம் அந்த வருகை. உள்ளே போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் கிச்சன் செட் இருக்கும். அது வேறு கதை. அவர் சொன்னதற்கு ஆதரவாக லில்லார்டின் குழுவே 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது: மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது போன்ற காரியங்களை நிஜமாகச் செய்ய ஆசையா, பாவனையாகவா என்று கேட்டபோது, நாலு வயதிலிருந்தே நிஜத்துக்கே அதிக வாக்கு.

இது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு கைப்பிடி பட்டாணியை உரிக்கக் கொடுப்பார்கள். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கிள்ளிக் கொடுப்பார்கள். அது அழுக்காகி, கறுத்து, கடைசியில் 'பாம்பு' ஆகும். பட்டாணி உரிக்கவும் வேண்டும், காலி டம்ளரில் காப்பி ஆற்றவும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளை கிச்சன் செட்டைத் தொடுவதில்லை என்று கவலைப்படுகிற பெற்றோர், அடுத்த செட்டை வாங்கும் முன் பிள்ளையை நிஜ அடுக்களைக்குள் விட்டுப் பார்க்கலாம்.

எத்தனை வாங்குவது என்பதற்குச் சுருக்கமான விடை உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோவில் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, 2018இல் வெளிவந்தது. ஒரு முறை 4 பொம்மை, ஒரு முறை 16 பொம்மை உள்ள அறையில் விட்டார்கள். நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடின. நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுகிறோம். அடுத்த வருஷம் இறக்கும்போது குழந்தைகள் பார்க்கிற பார்வை நமக்குத் தெரியும். விளையாட்டுச் சாமானில் பாதியை ஒரு பையில் கட்டி மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.

சத்தம் போடும் பொம்மை பற்றி என் தங்கைக்கு வந்த தலைவலிக்கும் ஆய்வுத் துணை இருக்கிறது. ஆனா சோசா 2016இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகள் வீட்டில் பெற்றோரோடு விளையாடியதைப் பதிவு செய்து கேட்டார்கள். பேசும் பண்ணை, குழந்தை லேப்டாப் போன்றவை இருந்தபோது அம்மா அப்பா குறைவாகப் பேசினார்கள். குழந்தையும் குறைவாகவே குரல் கொடுத்தது. மரப் புதிர், வடிவப் பெட்டி இருந்தபோது பேச்சு கூடியது. புத்தகம் இருந்தபோது அதைவிடவும். பொம்மை பேசினால் வீடு வாயை மூடிக்கொள்கிறது.

வகைகளில் நான் முதலிடம் தருவது டாக்டர் செட்டுக்கு. அடுக்களை விளையாட்டு எதைக் கொடுத்தாலும் நடக்கும். ஊசிப் பயம் வேறு மாதிரி. தடுப்பூசி போட்டு வந்த மறுநாள் என் தங்கை மகள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஊசி போட்டாள். கரடிக்கு இரண்டு. 'அழாதே, அழாதே, முடிஞ்சுது' என்று அவளிடம் நர்ஸ் சொன்னதையே சொன்னாள். நேற்றுக் கட்டிலில் படுத்து அழுதவள் இன்றைக்கு ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்திருக்கிறாள், இடம் மாறிவிட்டது. ஜெர்மனி முதலான ஐரோப்பிய நாடுகளில் மருத்துவ மாணவர்கள் 'கரடிப் பொம்மை ஆஸ்பத்திரி' நடத்துவதும் இதற்காகத்தான்: பிள்ளைகள் தங்கள் பொம்மையை நோயாளியாகக் கூட்டி வருவார்கள், வைத்தியம் பார்த்து அனுப்புவார்கள். செட்டில் ஊசி, ஸ்டெதாஸ்கோப், ஒரு கட்டுத் துணி இருந்தால் போதும். மற்றவை பெட்டியை நிரப்பத்தான்.

பாப்பா பொம்மையைப் பொறுத்தவரை, ஆண்பிள்ளைக்கு எதற்கு என்கிற கேள்வி இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. குறித்து வைக்கச் சொன்ன சிற்றில் இங்கே வருகிறது. கட்டுவதை ஒருவருக்கும் சிதைப்பதை ஒருவருக்கும் பங்கு பிரித்தது ரொம்பப் பழைய ஏற்பாடு. இன்றைய கடையில் அது ரோஸ் வரிசை, நீல வரிசை என்று நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் கடைக்கு வந்தால் நேராகப் பாப்பா பொம்மையைத் தூக்குவான். அவன் அப்பா லாரியைக் கையில் திணிப்பார். தம்பி பிறந்திருக்கிற வீடு அது. அவன் யாரைத் தாலாட்டிப் பழகுவான்? நிறமும் பார்க்க வேண்டிய விஷயம். அமெரிக்காவில் உளவியலாளர்கள் கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 1940களில் கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்லது என்று கேட்டபோது பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடை செய்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அந்த ஆய்வு மேற்கோளானது. நம் கடைத்தெருவில் மாநிறப் பொம்மை ஒன்றைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது என்று. மரப்பாச்சிப் பொம்மை இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. செம்மரமோ கருங்காலியோ, மரத்தின் நிறம்தான் அதன் நிறம். துணி சுற்றுவது குழந்தையின் வேலை.

கட்டைகள், பண்ணை மிருகங்கள், பஸ், ரயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாமே நல்லவை. ஜெர்மனியில் ஹான்ஸ் பெக் வடிவமைத்து 1974இல் வந்த பிளேமொபில் மனிதர்களுக்கு 7.5 சென்டிமீட்டர் உயரம், முகத்தில் இரண்டு புள்ளியும் ஒரு சிரிப்பும் மட்டும். கோபமோ அழுகையோ பிள்ளையே கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு கயிறு இருந்தால் பஸ்ஸே தேவையில்லை: நாலு பிள்ளைகள் உள்ளே, முன்னால் டிரைவர், பின்னால் விசிலோடு கண்டக்டர்.

பொருளுக்கு வருவோம். அம்பாசமுத்திரத்து மரச்செப்பும் கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மைகளும் கடைசல் வேலை. மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகி நிறம் ஒட்டிக்கொள்ளும். சன்னபட்டணத்தில் பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அங்கே மரம் வெட்பாலை. அரக்கும் இயற்கைச் சாயமும்தான் என்றால் வாயில் வைத்தாலும் பயமில்லை. இப்போது எல்லாக் கடைகளிலும் அப்படியே செய்கிறார்கள் என்று நம்பிவிட வேண்டாம். பெயின்ட் வாடை அடித்தால், நகத்தால் சுரண்டும்போது செதிலாக உரிந்தால், வைத்துவிடுங்கள்.

செப்பின் மேல் எனக்குள்ள பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பழைய செப்புச் செட் ஆகாது. அம்மிக் குழவி, குட்டிக் கரண்டி, குடத்தின் மூடி எல்லாம் தொண்டைக்குள் போகிற அளவு. பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே கூடாது. பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். அதைவிட அரை சென்டிமீட்டர் பெரிய ஓட்டை என்று கற்பனை செய்துகொண்டு சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் வீட்டிலேயே பாதி தேறாது. சின்னவர்களுக்கென்று 1969இல் வந்த லெகோவின் டூப்ளோ கட்டைகள் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டிப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பித்தளைச் செப்பு என்றால் விளிம்பு கூராக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் ஓடுபவற்றுக்கு ஐ.எஸ். 15644. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. அதனால் திருவிழாக் கடையில் முத்திரையைத் தேடிப் பயனில்லை, கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. பட்டன் பேட்டரி: திருகாணி போட்டு மூடாத அறையில் இருந்தால் வாங்கவே கூடாது; விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இன்னொன்று குட்டிக் காந்தம்: இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் பிடித்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும்.

வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். அர்விந்த் குப்தா தீப்பெட்டி, உறிஞ்சுகுழல், பழைய செய்தித்தாள் கொண்டு பொம்மை செய்து காட்டியே வாழ்நாளைச் செலவிட்டார். 2018இல் பத்மஸ்ரீ தந்தார்கள். அவருடையவை பெரும்பாலும் அறிவியல் பொம்மைகள். பாவனை விளையாட்டுக்கு அவ்வளவு சாமர்த்தியமும் வேண்டாம். நல்லெண்ணெய் டின், கொட்டாங்குச்சி, பழைய துப்பட்டா, காலாவதியான பஸ் டிக்கெட் கட்டு.

தங்கை மகளுக்கு இப்போது மூன்றரை வயது. கிச்சன் செட்டின் விளக்கு மூடி உடைந்து, ஓவன் கதவு கழன்று, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. போன மாதம் அம்பாசமுத்திரம் போன ஒருவர் மூலம் மரச்செப்பு ஒன்று வரவழைத்துக் கொடுத்தேன். அதிலிருந்த குக்கரின் மூடியை இரண்டாம் நாளே தொலைத்துவிட்டாள். ஊறுகாய் பாட்டில் மூடிதான் இப்போது அதற்கு மூடி, கொஞ்சம் பெரிது. மூன்று விசில் அவளே கொடுத்துக்கொள்கிறாள். நாலாவது கொடுத்துவிட்டால் பருப்பு குழைந்துபோச்சு என்று என்னைத் திட்டுகிறாள்.